டொப்பர் ஹெடன் அடிக்காமல் விட்ட அடி

தி க்ளாஷ் குழுவின் 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' பாட்டை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ஐந்தரை நிமிஷப் பாட்டு. இதோ வெடிக்கப்போகிறது, இதோ வெடிக்கப்போகிறது என்று காத்துக்கொண்டே இருப்பீர்கள். கடைசிவரை வெடிக்காது. ஜோ ஸ்ட்ரமரின் குரலில் கோபமும் களைப்பும் மாறிமாறி ஏறும். கிட்டார் எங்கேயோ தூரத்தில் ஒரு சின்னச் சுழற்சியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். டிரம்ஸ் மட்டும் எடுத்த நடையை விடாமல் போட்டுக்கொண்டிருக்கும். 1982 மே மாதம் வந்த 'கொம்பட் ரொக்' தொகுப்பில் இருக்கிற பாட்டு. இங்கிலாந்தின் கோபக்கார பங்க் குழுக்களில் முன்வரிசையில் நின்ற ஒரு குழு வாசித்தது.

இந்த டிரம்ஸைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாள் ஆசை. நான் இலங்கை மலையகத்து லிந்துலைக்காரன். தலவாக்கலைப் பக்கத்தில் கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று வாசிக்கிற இசைக்குழு ஒன்றில் டிரம்ஸ் வாசிக்கிறேன். மாசியில் தேயிலைத் தோட்டத்தில் காமன்கூத்து நடந்தால் தப்பு மேளம் அடிக்கிறவர்களுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். அங்கே நின்று கேட்ட காது இருந்ததால்தான் க்ளாஷின் டிரம்ஸ்காரர் டொப்பர் ஹெடன் இந்தப் பாட்டில் என்ன செய்திருக்கிறார் என்பது எனக்குப் பிடிபட்டது.

பங்க் ரொக் டிரம்ஸ் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது ரமோன்ஸ் குழுவின் அடி. 1976இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பில் 14 பாட்டு, எல்லாம் சேர்த்தும் அரை மணித்தியாலம் வராது. டொமி ரமோன் ஹை-ஹாட்டை விடாமல் தட்டிக்கொண்டே இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் ஸ்னேரை ஓங்கிப் போடுவார். ரொக் இசைக்கு உடம்பு துள்ளுவது அந்த ஸ்னேருக்குத்தான். அந்தக் காலத்து இளைஞர்களுக்குக் கோபத்தைச் சொல்ல இதைவிட நேர்வழி கிடைக்கவில்லை. வேகமாக அடி, சத்தமாக அடி, இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போ.

லண்டனில் கூடவே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1977இல் ரொக்ஸி என்ற கிளப்பில்தான் பங்க் பசங்க கூடுவார்கள். அங்கே இசைத்தட்டு போட்டவர் டொன் லெட்ஸ், ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. பங்க் இசைத்தட்டுகள் இன்னும் நாலைந்துகூட வெளிவராத நேரம், அதனால் அவர் ரெகே போட்டார். மேடையில் குழுக்கள் தலைதெறிக்க வாசித்துவிட்டு இறங்கியதும் கூட்டம் ரெகே கேட்டது. ரெகேயின் அடிப்படை நடையில் முதல் அடி காலியாகக் கிடக்கும். கனமான அடி மூன்றாவதில்தான் விழும். ரொக் கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் தடுமாறும். தாளத்தைப் பிடிக்கக் கால் வைக்கிற இடத்தில் படி இருக்காது. அந்தக் காலி இடத்தில்தான் பாஸ் கிட்டார் வந்து உட்காரும்.

க்ளாஷ் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. 1977இல் வந்த முதல் தொகுப்பிலேயே ஜூனியர் மர்வினின் 'பொலிஸ் அண்ட் தீவ்ஸ்' என்ற ரெகே பாட்டை எடுத்து ஆறு நிமிஷம் வாசித்திருந்தார்கள். அந்தத் தொகுப்பில் டிரம்ஸ் வாசித்தவர் டெரி சைம்ஸ். அதே வருஷம் அவர் இடத்துக்கு நிக்கி ஹெடன் வந்தார். டொப்பர் என்பது குழுவில் வைத்த பட்டப்பெயர்.

டொப்பர் 1955இல் பிறந்தவர், டோவர் துறைமுகப் பக்கம் வளர்ந்தவர். ஜாஸ், சோல் எல்லாம் கேட்டுப் பழகிய கை. ஜாஸ் டிரம்ஸ்காரர் பில்லி கொபமின் ரசிகர். இப்படி ஒரு ஆள் பங்க் குழுவில் வந்து சேர்ந்தது க்ளாஷுக்குப் பெரிய அதிர்ஷ்டம். 1978இல் அவர்களுடைய இரண்டாவது தொகுப்பைத் தயாரித்த சாண்டி பேர்ல்மன் அவரை மனித டிரம் மெஷின் என்று அழைத்தார், அத்தனை துல்லியம். 'ரொக் த கஸ்பா' பாட்டில் டிரம்ஸ் மட்டுமில்லை, பியானோவும் பாஸும்கூட டொப்பர் வாசித்ததுதான். வேகமாக வாசிக்கத் தெரியாதவர் மெதுவாக வாசிப்பது ஒரு கதை. எதையும் வாசிக்கக்கூடிய ஒருவர் வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு வாசிப்பது வேறு கதை. 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' இரண்டாவது வகை.

நியூயோர்க்கில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்டின எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவில் இது உருவானது. குழுவின் கிட்டார்க்காரர் மிக் ஜோன்ஸ் ஒரு சுழற்சி வைத்திருந்தார். அதற்குக் கீழே ரொக் அடி எதைப் போட்டாலும் ஒட்டவில்லை. கடைசியில் டொப்பர் போட்டது பொஸா நோவா. 1950களின் கடைசியில் பிரேசிலில் சம்பாவை மெதுவாக்கி, மெல்லிய குரலில் காதல் பாட்டுப் பாட உருவான நடை அது. கால் டிரம் இரண்டிரண்டு அடியாகச் சேர்ந்து விழும். கை தட்டுவது தாளத்தின் நேர்க்கோட்டில் விழாமல் கொஞ்சம் முன்னாலும் கொஞ்சம் பின்னாலும் தள்ளித் தள்ளி விழும். இரண்டிலும் நான்கிலும் ஓங்கிப் போடுகிற ஸ்னேர் அங்கே இல்லை. ரொக்கின் துள்ளலை அப்படியே கழற்றி வைத்துவிட்டு, வேறொரு நாட்டுக் காதல் பாட்டின் நடையை நாடு கெட்டு அலைகிறவர்களின் பாட்டுக்குக் கீழே வைத்தார்.

ஒலிப்பதிவுக்கு முன்னால் டொப்பர் ஜோ ஸ்ட்ரமரின் கையில் ஒரு எலுமிச்சைப் பானப் போத்தலைக் கொடுத்தாராம். துவாய் சுற்றின போத்தல். பேஸ் டிரம்மின் முன்பக்கத்தில் அதால் அடிக்கச் சொன்னார். பாடகர் டிரம்ஸுக்கு முன்னால் குந்திக்கொண்டு போத்தலால் தோலை மொத்த, உள்ளே டொப்பர் காலால் மிதிக்க, இரண்டும் சேர்ந்துதான் அந்த மொத்தையான அடி. ஸ்ட்ரமரே பின்னாளில் சொன்ன விஷயம் இது. 1981ஆம் வருஷத்தின் கடைசி நாள், நடுச்சாமத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர் பாடி முடித்ததாகவும் சொன்னார். டிரம்ஸ் வாசிக்கிறவர்கள் அந்தப் போத்தலைப் பற்றி ஒரு நிமிஷம் யோசியுங்கள். அடியை அதிகமாக்கப் போத்தல் கொடுக்கவில்லை. இருக்கிற அடிக்குக் கனம் சேர்க்கத்தான் கொடுத்தார். துவாய் சுற்றினதால் கூர்மை போய்விடுகிறது. சத்தம் காதைக் குத்தாது, நெஞ்சுக்கூட்டில் வந்து முட்டும்.

இனி பாட்டு எதைப் பற்றியது என்று சொல்ல வேண்டும். அது தெரியாமல் டிரம்ஸ் விளங்காது. முதலில் இங்கிலாந்தின் வடக்கில் மூடிக்கிடக்கிற இரும்பு ஆலைகளும், பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரர்களிடம் உங்களுக்கு இங்கே இடமில்லை என்று சொல்கிற குரலும். அடுத்தது வியட்நாம். போருக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய் விட்டுப்போன பிள்ளை, அப்பாவின் படத்தை வைத்துக்கொண்டு தன்னைக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்கிறது. அப்பாவின் பதில் கையை விரிப்பதுதான். பிறகு நியூயோர்க்கின் போதைமருந்துத் தெருக்கள். கடைசியில், எந்த எல்லையானாலும் எந்தக் கண்டமானாலும் தஞ்சம் கிடையாது என்று முடிகிறது. வியட்நாமில் விடப்பட்ட அந்தப் பிள்ளைகள் தாயோடு சேர்ந்து அமெரிக்கா போவதற்கு வழி திறந்த சட்டம் 1987இல்தான் வந்தது, பாட்டு வந்து ஐந்து வருஷம் கழித்து.

லிந்துலையில் இருந்து இதைக் கேட்கிற எவருக்கும் அடுத்து என்ன ஞாபகம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1948ஆம் வருஷத்தின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதி 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. கோச்சியில் தலைமன்னாருக்கு, அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். எங்கள் பெரியம்மா குடும்பம் கோத்தகிரிப் பக்கம் போனது அப்படித்தான். ஸ்டேஷன் வரைக்கும் வழியனுப்பப் போனவர்கள் அந்த ஓலத்தைப் பற்றி இன்னமும் பேசுவார்கள். லண்டன்காரன் ஒருவன் வியட்நாம் பிள்ளையைப் பற்றிப் பாடின பாட்டு நம் வீட்டுக்குள் வந்து உட்காருவதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம்.

இப்படிப்பட்ட பாட்டுக்கு டொப்பர் ரமோன்ஸ் அடி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் வாசித்துப் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கும். இரண்டாவது அடியிலேயே தலை ஆடத் தொடங்கும், கூட்டம் குதிக்கும், மூன்றாவது நிமிஷத்தில் எல்லோரும் வியர்த்து விறுவிறுத்து, உள்ளே இருந்த எரிச்சல் எல்லாம் இறங்கி, லேசாகி வீட்டுக்குப் போவார்கள். ஓங்கி விழுகிற ஸ்னேரின் வேலையே அதுதான். கேட்கிறவனின் கோபத்தை வாங்கி, அந்த இடத்திலேயே செலவழித்துக் கொடுத்துவிடும். சில பாட்டுக்கு அது தேவை. ஆனால் வியட்நாமில் நிற்கிற அந்தப் பிள்ளையின் விஷயம் அந்த மூன்று நிமிஷத்தில் தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. தீராத விஷயத்தைத் தீர்ந்துபோன மாதிரி வாசிப்பது பொய். டொப்பரின் நடை அந்தப் பொய்யைச் சொல்ல மறுக்கிறது. கோபத்தைச் செலவழிக்க இடம் கொடுக்காமல், பாட்டு முடிந்த பிறகும் நம்மிடமே விட்டுவிட்டுப் போகிறது.

கூடவே குரலுக்கு இடம் கிடைக்கிறது. ஸ்ட்ரமர் இந்தப் பாட்டில் கத்தவில்லை. கத்த வேண்டிய அவசியத்தை டிரம்ஸ் அவருக்குக் கொடுக்கவில்லை. பின்னால் சத்தம் ஏறினால் பாடுகிறவன் அதற்கு மேலே ஏறியாக வேண்டும், மேடையில் வாசித்த எவருக்கும் இது தெரியும். டிரம்ஸ் தணிந்திருக்கும்போது முணுமுணுப்பும் கேட்கும், சொல்லின் கடைசி எழுத்தும் கேட்கும். ஒரே நடை நிமிஷக்கணக்கில் போகும்போது இன்னொன்றும் நடக்கும். கேட்கிறவனுடைய காது நடையை எண்ணுவதை விட்டுவிடும். அப்போதுதான் கதை உள்ளே இறங்கும்.

முதலில் சொன்ன காமன்கூத்திலும் இதைத்தான் பார்க்கிறேன். மாசியில் கம்பம் நட்டதிலிருந்து காமன் தகனம் வரைக்கும் இரவுகளில் ஆட்டமும் பாட்டுமாக இருக்கும். ரதியும் மன்மதனும் ஆட, தப்பு இல்லாமல் ஒன்றும் நகராது. மாசிப் பனியில் தோல் தளர்ந்துவிடும். அதனால் பக்கத்திலேயே கவ்வாத்து மிலாறைக் கூட்டித் தீ மூட்டி வைத்திருப்பார்கள். தப்பைத் தீக்கு முன்னால் பிடித்து, சுற்றிச் சுற்றிக் காட்டி, இடையிடையே விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். முதலில் தொப்பென்று கேட்கும். பிறகு டங்கென்று வரும். இன்னும் கொஞ்சம் காய்ந்தால் சுண்டின விரலுக்கே கூர்மை தெரியும். ஒரு கையில் மெல்லிய நீளக் குச்சி, மற்றக் கையில் கட்டைக் குச்சி. தப்படிக்கிறவர்களில் ஒருவர் அடியைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நிற்பார், மற்றவர்கள் அதற்கு மேலே விளையாடுவார்கள். கூட்டம் பார்ப்பது விளையாடுகிறவர்களை. ஆடுகிறவர்களின் கால் கேட்பது அந்த ஒருவரை.

அப்படி அடியைப் பிடிக்கிற பெரியவர் ஒருவரிடம் ஒரு தடவை கேட்டேன்.

"மாமா, இவ்ளோ நேரம் ஒரே அடிய அடிக்கிறீங்களே, கை மாத்தி அடிக்கணும்னு தோணாதா?"

"தோணும் தம்பி. தோணாம என்னா? நான் வேகமா போனேன்னா ரதி கட்டுற பயலுக்கு மூச்சு வாங்கிரும். அவென் விடிய விடிய ஆடணும்ல? எனக்குக் கை அரிக்குதுன்னு அவனப் போட்டுக் கொல்லுறதா?"

இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த டிரம்ஸ் பாடத்திலும் பார்க்கவில்லை. அவர் அடக்கி வாசிப்பது தன் குணத்துக்காக இல்லை, ஆடுகிறவனுக்காக. கூத்தில் ஆவேசப் பாத்திரமான வீரபத்திரன் களத்துக்கு வரும்போது அதே மாமா அடியை மாற்றி அடிப்பதையும் பாருங்கள். அதுவரை ஒரே நடையில் ஊறிப்போன உடம்புக்கு அந்த மாற்றம் இடி விழுந்த மாதிரி இருக்கும். முதலிலிருந்தே ஓங்கி அடித்திருந்தால் அந்த இடத்தில் போட எதுவும் மிஞ்சியிருக்காது. டொப்பர் இன்னும் ஒரு படி மேலே போகிறார், வீரபத்திரனை வரவே விடவில்லை.

இங்கே எனக்கே ஒரு நெருடல் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு எழுத முடியாது. அடக்கி வாசி, பொறுமையாக இரு, நடையை மாற்றாதே என்பதெல்லாம் மலையகத்தில் யார் யாரிடம் சொன்ன சொற்கள்? இருநூறு வருஷமாக நமக்கு மேலே இருந்தவர்கள் நமக்குச் சொன்னது அதுதானே. விடியற்காலையில் லயத்து மக்களை எழுப்பி, வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக் களத்துக்குக் கூப்பிட்டதும் இதே தப்புத்தான். மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையின் 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' கவிதை அப்படி ஒரு முரசு ஒலிக்கிற விடியலில்தான் தொடங்குகிறது. ஒரே சீரான அடிக்கு ஆட்களை வேலைக்கு நிறுத்தத் தெரியும். கொழுந்துக் கூடையோடு மலை ஏற்றத் தெரியும். அதோடு, அந்தத் தப்பை அடித்தவர்களைச் சாதி பார்த்துத் தள்ளி நிற்கவைத்தவர்கள் துரைமார் மட்டுமில்லை, நம் ஆட்களுந்தான். சாமிக்கும் அவர்கள் அடி வேண்டும், சாவுக்கும் அவர்கள் அடி வேண்டும், பந்தியில் மட்டும் அவர்கள் வேண்டாம். தப்பை இனி தொடமாட்டோம் என்று சில குடும்பங்கள் குச்சியைக் கீழே போட்டதற்கு நியாயம் இருக்கிறது. இன்று படித்த பிள்ளைகள் சாதிப் பெயர் இல்லாமல் அதைப் பெருமையோடு தூக்குவதிலும் நியாயம் இருக்கிறது.

ஆகவே அடங்கின தாளம் என்றாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்காக அடங்குகிறது, எதை விட்டுக்கொடுக்காமல் அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். பிரட்டுத் தப்பு ஆளைக் கீழ்ப்படிய வைக்க அடித்தது. டொப்பரின் நடை கேட்கிறவனை ஆறவிடாமல் வைக்க அடிக்கிறது. காமன்கூத்து மாமா ஆடுகிறவனை விடியும்வரை நிற்கவைக்க அடிக்கிறார். வெளியே இருந்து கேட்டால் மூன்றும் ஒரே மாதிரி இருக்கலாம். ஆனால் பிரட்டுத் தப்புக்கு எழுந்தவனும் கூத்துத் தப்புக்கு ஆடினவனும் ஒரே ஆள், அவனுக்கு வித்தியாசம் தெரியும்.

'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' அதோடு முடியவில்லை, ஒரு தமிழ்ப் பெண்ணின் கையில் வந்து சேர்ந்தது. எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசம், 1975இல் லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சின்ன வயதைக் கழித்து, போர் துரத்த அகதியாகத் திரும்பி லண்டன் போனவர். 2007இல் வந்த அவருடைய 'கலா' தொகுப்பில் 'பேப்பர் ப்ளேன்ஸ்' இருக்கிறது. 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' தொடக்கத்தின் அந்தக் கிட்டார் சுழற்சியை எடுத்து, கீழே ஹிப்-ஹொப் தாளம் போட்ட பாட்டு. விசாவையும் எல்லையையும் குடியேறிகளைப் பற்றிய பயத்தையும் பேசுகிறது. அமெரிக்க விசா கிடைக்காமல் இழுபட்ட காலத்தில் ஊர் ஊராகப் போய் உருவாக்கின தொகுப்பு அது. 'பேப்பர் ப்ளேன்ஸ்' 2008இல் அமெரிக்கத் தரவரிசையில் நான்காம் இடம் வரை ஏறியது. எழுதியவர்கள் பட்டியலில் க்ளாஷின் நான்கு பேரும் இருக்கிறார்கள், டொப்பர் உட்பட. ஸ்ட்ரமர் 2002 டிசெம்பரிலேயே போய்விட்டார், அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

அந்தப் பாட்டிலும் தாளம் அவசரப்படுவதே இல்லை. மாயா சாவகாசமாகப் பாடுகிறார். பல்லவியில் பிள்ளைகள் பாட, துப்பாக்கிச் சத்தமும் காசுப்பெட்டிச் சத்தமும் தாளத்துக்குள்ளேயே வந்து விழுகின்றன. கோபம் முழுக்கச் சொல்லிலும் அந்தச் சத்தங்களிலும் இருக்கிறது, தாளம் அதைத் தாங்கிக்கொண்டு போகிறது. இதே தொகுப்பில் 'பேர்ட் ஃப்ளூ', 'போய்ஸ்' என்று இரண்டு பாட்டு இருக்கின்றன. அவற்றுக்குத் தமிழ்நாட்டில் உறுமிக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார். அங்கே உறுமி கரையை உடைத்துக்கொண்டு வரும், ஒரு இடத்திலும் நிற்காது. ஒரே ஆள், ஒரே வருஷம், இரண்டு விதமாகவும் செய்து காட்டியிருக்கிறார். எந்தப் பாட்டுக்கு அணை திறக்க வேண்டும், எதற்குத் திறக்கக்கூடாது என்ற தெளிவு அது.

டொப்பர் கதை நன்றாக முடியவில்லை. ஹெரோயின் பழக்கம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. 'கொம்பட் ரொக்' வெளிவந்த அதே மே மாதத்தில் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். சுற்றுப்பயணத்துக்குப் பழைய டெரி சைம்ஸையே கூப்பிட்டார்கள். டொப்பரை அனுப்பியது குழுவை உடைத்துவிட்டது என்று ஸ்ட்ரமர் பின்னாளில் வருந்தினார். நான் அதை நம்புகிறேன். நல்ல டிரம்ஸ்காரர் வேறு யாராவது கிடைப்பார். ரொக் அடி ஒட்டவில்லை என்றால் வம்பாகத் திணிக்காமல் பிரேசில் நடையைத் தேடிப்போகிற காது எல்லோருக்கும் இருக்காது.

நம் பக்கத்துப் பசங்க நிறையப் பேர் டிரம்ஸ் பழகுகிறார்கள். கையில் நல்ல வேகம் இருக்கிறது. பைலா வாசித்து வளர்ந்த கை, கிரிக்கெட் மெட்சில் பப்பரே அடித்து வளர்ந்த கை. ஆனால் நான்கு சுற்றுக்கு ஒரு தடவை உருட்டு உருட்டாமல் இருக்க முடிவதில்லை. பாடுகிறவன் வரி தொடங்கும் இடத்திலேயே சிம்பல் விழுந்து முதல் சொல் காணாமல் போய்விடும். அவர்களிடம் நான் சொல்வது, கிராஷ் சிம்பல் இரண்டையும் ஸ்டாண்டிலிருந்து கழற்றி அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மெட்ரோனோம் போட்டுக்கொண்டு ஒரே நடையை வாசியுங்கள். உருட்டு வேண்டாம், மாற்றம் வேண்டாம். இரண்டாம் நிமிஷத்தில் சலிக்கும். மூன்றாம் நிமிஷத்தில் வேகம் தானாகவே ஏறப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். நான்காம் நிமிஷத்துக்கு மேல் உங்களுடைய வலது காலும் இடது கையும் ஒன்றோடொன்று சரியாக விழவில்லை என்பது முதல்தடவையாகக் காதில் விழும். வேகமாக வாசிக்கும்போது அந்தப் பிசகு ஒளிந்துகொள்கிறது, இந்த நடையில் ஒளிய இடமில்லை. பாடுகிற நண்பன் ஒருவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது. அவன் மூச்சு எங்கே எடுக்கிறான் என்று பார்த்து, அந்த இடத்தை அவனுக்கு விட்டுக்கொடுங்கள்.

பாட்டின் நீண்ட வடிவம் ஒன்று இருக்கிறது, ஏழு நிமிஷத்துக்குக் கிட்ட வரும். 'கொம்பட் ரொக்' தொகுப்புக்காகக் கிளின் ஜோன்ஸ் கலவை செய்தபோது குறைத்துவிட்டார்கள். 1991இல் வந்த 'க்ளாஷ் ஒன் ப்ராட்வே' தொகுதியில் முழுசாகக் கேட்கலாம். டிரம்ஸ் பழகுகிறவர்கள் அதையே கேளுங்கள், நடையோடு கூட ஒன்றரை நிமிஷம் இருக்கக் கிடைக்கிறது.

எங்கள் குழுவில் இப்போது அந்த நடையைத் தப்பில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முழுச் சூட்டுக்குக் காய்ச்சின தப்பு குரலுக்கு நேராக வந்து மோதுகிறது, பாடுகிறவனை மறைத்துவிடுகிறது. பாதிச் சூட்டில் நிறுத்தி, கட்டைக் குச்சியில் துணி சுற்றி அடித்தால் அடி கீழே இறங்கி உட்காருகிறது, குரல் மேலே தெளிவாக வருகிறது. துணி எவ்வளவு சுற்றுவது என்பதில்தான் எனக்கும் மாமாவுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை, அவர் ஒரு சுற்றே போதும் என்கிறார். பாட்டுக்குச் சொந்தமாக வரி எழுதுகிறோம், தலைமன்னார்க் கோச்சியைப் பற்றி. மாசிக்கூத்து முடிந்ததும் பதிவு செய்து இங்கே போடுகிறேன்.